என் கணவரின் கண் தெளிவதற்குள்

அனுப்புநர்:
தங்கள் அலுவலகக் கோப்பில் "பாதிக்கப்பட்ட பெண்" என்று குறிக்கப்பட்டிருப்பவர்.
(பெயரும் முகவரியும் கோப்பின் முதல் தாளில் உள்ளன. வெளியே தெரியக் கூடாது என்பது தங்கள் விதி என்பதால் இங்கே எழுதவில்லை.)

பெறுநர்:
மகளிர் நல அலுவலர் அவர்கள்,
மகளிர் நல அலுவலகம்.

பொருள்: என் கணவர் மீது நான் கொடுக்காத புகாரை முடித்து வைக்கவும், அதற்கு ஆதாரமாக அவருடைய கண்களை உடனே ஒரு மருத்துவரைக் கொண்டு பார்வையிடவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: விசாரணைக்கு வரச் சொல்லி என் கணவருக்கு வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. முதுகலை வரை படித்தவள். பாடப்புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். என் கணவர் பெண்களுக்கான உடைகள் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இந்த மனுவைப் புகார் மனுவாகக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று தங்கள் அலுவலக முகப்பில் இருந்தவர் சொன்னார். யார் மீது என்று கேட்டார். என் மீது என்றேன். "அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா, போய் யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். யோசித்தேன். வேறு யாரும் அகப்படவில்லை.

2. சென்ற திங்கட்கிழமை காலை என் இடது கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துத் திறந்தபோது, உள்ளே மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. எங்கும் கண்வலி பரவியிருந்த வாரம் அது. என்ன நோய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று என் கணவருக்கு அவசர வேலை இருந்ததால், அவர் துணி வெட்டும் மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டியின் தூள் அந்த மேசையில் எப்போதும் படிந்திருக்கும். கண்ணைத் தொடக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் வழியெல்லாம் கசக்கிக்கொண்டே போனேன். இந்த நீலத் தூளைப் பற்றித் தங்கள் அலுவலர்களிடம் பிற்பாடு சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

3. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், முன்பதிவு இல்லாமல் நேரே போய்க் காட்டிக்கொள்ளும் சிகிச்சை மையம் ஒன்று இருக்கிறது. கண்வலிக்காரர்கள் அங்கே உள்ளே உட்காரக் கூடாது. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே எங்களுக்கென ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மற்றவர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். தொற்றைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அதில் நான் குறை காணவில்லை. வாசல் காவலர், "கண்ணு கேஸெல்லாம் வெளிய! கதவைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, முழங்கையால தள்ளும்மா, முழங்கையால!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னதையும் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் முகத்தைத் திருப்பி, "அந்த ஆன்ட்டியைப் பாக்காத, பாத்தாலே ஒட்டிக்கும்" என்றார். பார்ப்பதால் ஒட்டாது. அந்தப் பாடம் வரும் அறிவியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவளே நான்தான். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன். பெஞ்சில் எனக்கு முன்பே வந்திருந்த கொத்தனார் ஒருவர், "வாங்கக்கா, இங்க வந்து உக்காருங்க. இங்க யாரும் யாரையும் பாத்து ஒதுங்க வேணாம், எல்லாம் ஒரே கலரு" என்று இடம் விட்டார். அவருடைய இரண்டு கண்களும் பழுத்த மிளகாய்போல் இருந்தன. பெஞ்சின் கடைசியில், அவரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன்.

4. வெயில் ஏறித் தகரம் கொதிக்கத் தொடங்கிய பிறகு செவிலியர் ஒருவர் வெளியே வந்தார். பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றுவிட்டார். மற்ற எல்லாருக்கும் இரண்டு கண்களும் சிவந்திருந்தன. எனக்கு ஒரு கண் மட்டும் வீங்கி மூடியிருந்தது. அதன் கீழே நீலமாக இருந்தது. நீலமாக இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் நன்றாக இருக்கும் ஒருவர் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வீட்ல யாராவது கை வெச்சாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார்.

5. அவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. "இல்லை" என்ற ஒரே சொல் போதும். நான் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை உள்ளபடியே எழுதுகிறேன். அவர் கை குளிர்ச்சியாக இருந்தது. இல்லை என்று சொன்னால் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று தோன்றியது. எனக்கு முன்னால் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய மெய்ப்பு வீட்டில் கிடந்தது. இவற்றில் எது என் வாயை அடைத்தது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "உள்ள வாங்க" என்றார். எழுந்து அவர் பின்னால் போனேன். நீங்கள் தலையசைத்தீர்களா என்று தங்கள் அலுவலர்கள் என்னிடம் கேட்டார்கள். தலையசைக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அப்படி ஒரு கேள்விக்குப் பிறகு எழுந்து பின்னால் போவதும் பதில்தான். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

6. உள்ளே மின்விசிறி ஓடும் சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, திரைச்சீலையை இழுத்து விட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் முழங்கையைப் பற்றிப் பேசவில்லை. செவிலியர் மருத்துவரைக் கூப்பிடப் போன நேரத்தில், மூலையில் இருந்த தொட்டியில் முகம் கழுவினேன். அதற்கு மேலே இருந்த கண்ணாடியில்தான் அந்த நீலத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர் பட்டதும் அது கரைந்து இறங்கிப் போனது. "சிஸ்டர், இது சாக்கட்டித் தூள், எங்க வீட்டுக்காரர் டெய்லர்" என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இரண்டு பேரும் சிரித்திருப்போம். ஆனால் அதைச் சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்தபோது ஈரப் பஞ்சைக் கண்மேல் அழுத்தி மூடிக்கொண்டு, "பெரிசு பண்ணாதீங்க சிஸ்டர், விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னேன். அடிபட்டு வரும் பெண்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அதுவேதான் என்று இப்போது தெரிகிறது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மருத்துவர் வந்து பஞ்சை விலக்கி, கண்ணைத் திறந்து பார்த்து, "கண்வலிதான், துண்டையும் தலையணை உறையையும் தனியா வெச்சுக்கோங்க" என்று சொட்டு மருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது என்று, தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் செவிலியர் அதற்குள் எழுதியிருந்தார். அவர் பார்த்ததைத்தான் எழுதினார். சீட்டோடு நான் வெளியே வந்தபோது கொத்தனார் அதே பெஞ்சில்தான் இருந்தார். "உங்களுக்கு உள்ள ஆள் இருக்குங்களாக்கா?" என்று கேட்டார்.

7. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அந்தச் சின்ன அறைக்குப் போகும் வழியில், உள்வரிசை நாற்காலியில் ஓர் இளம்பெண் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செவிலியர் என்னை அழைத்துப் போவதையும் திரைச்சீலையை இழுப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவளைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அவளுக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம். முகத்தைப் பார்த்து ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த வாரம் நான் நன்றாகவே பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்த மையத்தில் திரைச்சீலை போட்ட அறை ஒன்றுதான் இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

8. புதன்கிழமை தங்கள் அலுவலகப் பெயர் எழுதிய வண்டி எங்கள் வாசலில் நின்றது. இரண்டு பெண் அலுவலர்கள் இறங்கி வந்தார்கள். அந்த நேரத்தில் என் கணவர் முழங்காலிட்டு, மாடி வீட்டு அக்காவின் புது உடைக்குக் கீழ் மடிப்பு பிடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறையக் குண்டூசி. "நீங்கதான் இவங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டபோது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கையைக் காட்டி, பொறுங்கள் என்று சைகை செய்தார். "பதில் சொல்ல மறுத்தார், கையை ஓங்கினார்" என்று தங்கள் கடிதத்தில் இருக்கிறது. அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தி முடிப்பதற்குள், வந்த விஷயம் முழுவதையும் மாடி வீட்டு அக்கா கேட்டுவிட்டார். கீழ் மடிப்பு பாதியில் நிற்க, அப்படியே மாடிக்குப் போனார். நான் அலுவலர்களிடம் இது தவறு, என்னை யாரும் அடிக்கவில்லை, அது சாக்கட்டி என்று சொன்னேன். இளையவர் என் தோளில் கை வைத்து, "எல்லாரும் முதல்ல இப்படித்தாங்க்கா சொல்வாங்க. சிலர் கதவுல இடிச்சுக்கிட்டேம்பாங்க. சாக்கட்டின்னு இப்பத்தான் கேக்கறேன்" என்றார். மருத்துவர் கண்வலி என்று எழுதியிருக்கிறாரே என்றேன். "கண்வலி வந்தவங்களுக்கு அடி விழாதா?" என்று மூத்தவர் கேட்டார். அந்தக் கேள்வியில் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

9. அதன் பிறகு நடந்தவை வருமாறு. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் ஆள் அனுப்பித் துணியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். "அவசரம் ஒண்ணுமில்ல, அப்புறம் தரேன்" என்கிறார்கள். பட்டதாரிப் பெண் தையல்காரரைக் கட்டிக்கொண்டது அந்தக் காலத்தில் என் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கே வராத என் அண்ணன் இப்போது நேரில் வந்து, "உன் ரூம் அப்படியேதான் இருக்கு, கிளம்பு" என்கிறார். இவ்வளவு வருடங்களில் அவர் என்னிடம் இத்தனை அன்பாகப் பேசியது இதுவே முதல்முறை. என் நாத்தனார் தொலைபேசியில், "அண்ணி, எங்க அண்ணன் கத்தரிக்கோலைக் கீழ வெச்சாக்கூட சத்தத்துல உங்க வேலை கெட்டுடும்னு துணி மேல வெக்கிற ஆளு. நீங்க அங்க என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுவும் உண்மை. என் கணவர் மட்டும் எதையும் கேட்கவில்லை. செவிலியர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். "பாவம், அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தானே கேட்டிருக்கு" என்றார். மேலே ஐந்தாம் பத்தியில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது.

10. வெள்ளிக்கிழமை அவருக்கும் கண்வலி வந்துவிட்டது, இரண்டு கண்களிலும். என்னிடமிருந்து ஒட்டியது. துண்டைத் தனியாக வைத்தேன். இருவரும் எடுத்துப் புழங்கும் கத்தரிக்கோலைத் தனியாக வைக்கத் தோன்றவில்லை. அவர் வாசலில் நின்றதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "அந்தம்மாவும் சும்மா இல்ல போலருக்கு, வட்டியோட ரெண்டாத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்தச் சிகிச்சை மையத்துக்குப் போக என் கணவர் மறுக்கிறார். அங்கே எல்லாரும் தன்னை "அந்த ஆளு" என்று பார்ப்பார்கள் என்கிறார். என்னுடைய மருந்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதால், மருந்துக்கடையில் கேட்டு அவருக்கென்று தனியாக வாங்கி வந்தேன். அந்தப் புட்டி மூடி திறக்கப்படாமல் தையல் இயந்திரத்தின் மேல் இருக்கிறது. விசாரணைக்குப் போகும்வரை மருந்து போட மாட்டேன் என்கிறார். "இப்ப இருக்கிற சாட்சி இது ஒண்ணுதான். இதையும் ஆத்திட்டுப் போய் நின்னா யாரு நம்புவா?" என்கிறார். உங்கள் கண் சிவந்திருப்பது என் கண்ணைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்று எடுத்துச் சொன்னேன். "உனக்குப் படிச்ச படிப்பு இருக்கு, பேசுவ. எனக்கு இருக்கிறது இந்தக் கண்ணுதான்" என்றார். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் மிச்சமிருக்கும் ஒரே உடைக்கு நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன், அவர் தடவிப் பார்த்துத் தைக்கிறார். இப்படியே விட்டால் கருவிழி வரை போய்விடும் என்று மருந்துக்கடைக்காரர் எச்சரித்திருக்கிறார். விசாரணை நாளுக்கு இன்னும் வெகுநாள் இருக்கிறது.

11. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

விசாரணை நாள்வரை காத்திராமல், தங்கள் அலுவலக மருத்துவரை உடனே எங்கள் வீட்டுக்கு அனுப்பி, என் கணவரின் கண்களைப் பார்க்கச் செய்ய வேண்டும். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால்தான் என் கணவர் மருந்து போட்டுக்கொள்வார்.

அவர் மீதுள்ள கோப்பை முடித்து, அதைக் கடிதமாகத் தர வேண்டும். மாடி வீட்டு அக்காவிடம் நானே கொண்டுபோய்க் காட்டுவேன்.

செவிலியரிடம் விளக்கம் எதுவும் கேட்கக் கூடாது. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை இனிமேலும் கேட்க வேண்டும், அதே குரலில். பொய்ப் புகார்கள் வருகின்றன என்று சொல்லி அந்த ஏற்பாட்டை யாராவது நிறுத்தப் பார்த்தால், அதற்கு என் கோப்பை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை.

ஏழாம் பத்தியில் குறிப்பிட்ட பெண் அன்று வந்து காட்டாமலே போனாளா என்று மையத்தில் விசாரிக்க வேண்டும். பல்வலி என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி.

இந்த மனுவின் நகல் விதிப்படி எதிர்த்தரப்புக்கும் போகும் என்று முகப்பில் சொன்னார்கள். எதிர்த்தரப்பு என் கணவர். இப்போதைக்கு அவரால் எதையும் படிக்க முடியாது. தபாலில் வந்தால் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே தபால் வரும்வரை காத்திருக்காமல், இதை மூடி ஒட்டுவதற்கு முன்பே படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தும்,
(ஒப்பம்)

இடம்: வீட்டு முன்னறை
நாள்: ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

பின்சேர்க்கை (மனு எழுதி முடித்த பின் சேர்த்தது):

அம்மையீர், மேற்கண்ட மனுவை என் கணவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குண்டூசி வந்த இடத்தில் மட்டும் சிரித்தார். ஐந்தாம் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

படித்து முடித்ததும் கையிலிருந்த துணியைத் தடவி மடித்து வைத்தார். பிறகு, "அந்த ரூம்ல ஃபேன் நல்லா ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடியது என்றேன். "வெயில்ல உக்காந்தா உனக்குத் தலைவலி வந்துடும்" என்றார். "இதைத்தான் அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே தூக்கி, மருந்தை எடுத்து வரச் சொன்னார்.

இரண்டு கண்களிலும் போட்டுவிட்டேன். நாளை முதல் சிவப்பு குறையத் தொடங்கும். தாங்கள் மருத்துவரை அனுப்பும்போது பார்ப்பதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆகவே அவருடைய கண்களைப் பார்வையிடக் கேட்ட என் முதல் வேண்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

இனி இந்தக் கோப்பில் ஆதாரம் என்று இருப்பது நான் எழுதியது மட்டுமே. விசாரணை நாளில் அவரை வெளியே நிறுத்தாமல், நான் இதைப் படிக்கும்போது அவரும் அறைக்குள் இருக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

(ஒப்பம்)
அதே நாள், மாலை